மழை நாள் பெட்டியின் சாவி

நம் வீட்டுப் பெண்மணிகளிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. மாதத் தொடக்கத்தில் கைக்கு வரும் பணத்தில் கொஞ்சம் எடுத்துக் கடுகு டப்பாவின் அடியில் போட்டு வைப்பார்கள். வீட்டுக்காரருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் தெரியாதது போல் இருந்து விடுவார். மாதக் கடைசியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்தாலும் அந்த டப்பாதான் மானத்தைக் காப்பாற்றும்.

அந்த டப்பாவில் பணம் எப்படித் தங்குகிறது? கணக்கில் கெட்டிக்காரத்தனம் என்பீர்கள். அது பாதிதான். டப்பா இருக்கும் இடம் ஒருவருக்கு மட்டுமே தெரியும். எடுப்பதும் வைப்பதும் அந்த ஒருவர் கைதான். மீதிப் பாதி அதுதான்.

இப்போது கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். அதே டப்பா கூடத்தின் நடுவில் இருக்கிறது. உள்ளே எவ்வளவு பணம் என்று வெளியில் சீட்டு ஒட்டியிருக்கிறது. நாலு வருஷத்துக்கு ஒரு முறை, வீட்டை யார் நிர்வகிப்பது என்று குடும்பத்தில் ஓட்டெடுப்பு நடக்கிறது. பையன் சைக்கிள் கேட்கிறான். மாமனார் காசி யாத்திரை கேட்கிறார். மைத்துனரோ, "இவ்வளவு பணம் மிஞ்சுகிறது என்றால் எங்களிடம் அதிகமாக வாங்குகிறாய் என்றுதானே அர்த்தம்?" என்று வழக்குப் பேசுகிறார். டப்பாவில் பணம் தங்குமா?

அமெரிக்க ராஜ்யங்களின் சேமிப்பு இப்படிப்பட்ட டப்பாதான். அங்கே நடந்த சில சம்பவங்களை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். பணத்தைப் பற்றிய கதை போலத் தோன்றும். உண்மையில் இது சாவியைப் பற்றிய கதை.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்காவில் ஐம்பது ராஜ்யங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர்னர். நம் கவர்னரைப் போல நியமனம் பெற்று வருபவர் அல்ல. ஜனங்கள் நேரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரின் வேலையை அங்கே அவர்தான் பார்க்கிறார். வாஷிங்டனில் உள்ள மத்திய சர்க்கார் வரவுக்கு மேல் செலவு செய்யலாம், கடன் வாங்கலாம். ராஜ்யங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. வெர்மாண்ட் ஒன்று நீங்கலாக மற்ற நாற்பத்தொன்பது ராஜ்யங்களிலும் வரவுக்குள் செலவு அடங்க வேண்டும் என்று ஏதாவது ஒரு வகையில் சட்டம் இருக்கிறது.

இதில் ஒரு சங்கடம். வியாபாரம் மந்தமாகி, வேலை போய், ஜனங்கள் கஷ்டப்படும் காலத்தில்தான் வரி வருமானம் குறையும். அதே சமயத்தில்தான் உதவி கேட்டு வருகிறவர்களின் கூட்டம் பெருகும். கையில் சேமிப்பு இல்லாத ராஜ்யம் அப்போது என்ன செய்யும்? பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதைக் குறைக்கும், ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பும், அல்லது கஷ்ட காலத்திலேயே வரியை உயர்த்தும். இதைத் தவிர்க்க நல்ல நாளில் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கிறார்கள். அதற்கு 'மழை நாள் நிதி' என்று பெயர். நமக்கு மழை என்றால் வரம். அவர்கள் பேச்சில் மழை நாள் என்றால் கஷ்ட காலம்! மிச்சிகன் ராஜ்யம் 1977-ல் இப்படி ஒரு நிதியைச் சட்டம் போட்டு ஏற்படுத்தியது. 1980-களின் தொடக்கத்தில் வந்த மந்தத்தில் அடிபட்ட பிறகு வேறு பல ராஜ்யங்களும் அந்த வழிக்கு வந்தன.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஆனால் கலிபோர்னியாவில் நடந்ததைக் கேளுங்கள்.

1975-ல் அங்கே ஜெர்ரி பிரௌன் என்பவர் கவர்னரானார். வயது முப்பத்தாறு. மகா சிக்கனக்காரர். கவர்னருக்கென்று கட்டிய மாளிகையில் குடியேற மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாதாரண வாடகை வீட்டில் இருந்தார். பெரிய மோட்டாரை ஒதுக்கிவிட்டுச் சாமானிய பிளிமத் வண்டியில் போய் வந்தார். அவர் காலத்தில் ராஜ்யத்தின் கஜானாவில் பணம் சேர்ந்தது. 1978-ல் உபரி சுமார் 500 கோடி டாலர்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? ஜனங்களுக்குக் கோபம் வந்தது! காரணம் இருந்தது. அந்த வருஷங்களில் வீடுகளின் விலை மளமளவென்று ஏறிற்று. விலையோடு வீட்டு வரியும் ஏறிற்று. சம்பாத்தியம் நின்றுபோன வயோதிகர்கள், சொந்த வீட்டை விற்க வேண்டி வருமோ என்று பயந்தார்கள். வீட்டு வரி ஊராட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் போகிற பணம். கஜானாவில் இருந்த உபரியோ ராஜ்யத்தின் பணம். இரண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை யார் பார்க்கிறார்கள்? "நாங்கள் வீட்டை இழக்கப் பார்க்கிறோம், சர்க்கார் பணத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதே!" என்றார்கள். 'ஆபாசமான உபரி' என்றுகூட அந்நாளில் பேச்சு அடிபட்டது.

ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இருவர் கையெழுத்து வேட்டை நடத்தி, வீட்டு வரிக்கு வரம்பு கட்டும் பிரேரணையைப் பொதுஜன ஓட்டுக்குக் கொண்டு வந்தார்கள். 1978 ஜூன் மாதம் நூற்றுக்கு ஏறக்குறைய அறுபத்தைந்து பேர் அதற்கு ஓட்டளித்தார்கள். வீட்டு வரி ஒரேயடியாகக் குறைந்தது. வருமானம் இழந்த ஊராட்சிகளையும் பள்ளிகளையும் தூக்கி நிறுத்த ராஜ்யத்தின் உபரியைச் செலவழித்தார்கள். சில வருஷங்களுக்குள் அது கரைந்தது.

இந்தச் சம்பவத்தை அரசியல்வாதிகள் மறக்கவில்லை. எதற்காகச் சேர்க்கிறோம் என்று ஜனங்களுக்குச் சொல்லாமல், பெயரும் விதியும் இல்லாமல் சும்மா குவித்து வைத்த பணம், எதிரியின் கையில் அம்பாகி விடும் என்று தெரிந்து கொண்டார்கள். அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவுதான் விபரீதம்: மிச்சம் வைக்காமல் இருப்பதே க்ஷேமம்!

கால் நூற்றாண்டு கழித்து, 2004-ல், நடிகராக இருந்து கவர்னரான ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் காலத்தில் ஒரு சேமிப்புக் கணக்குக்கு ஜனங்கள் சம்மதம் தந்தார்கள். வருஷா வருஷம் இத்தனை பங்கு போட வேண்டும் என்று விதி. கூடவே ஒரு சின்ன வாசகம்: கவர்னர் ஓர் உத்தரவு போட்டு அந்த வருஷத்து ஒதுக்கீட்டை நிறுத்தி வைக்கலாம். பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டது போல!

2008-ல் பெரிய மந்தம் வந்தது. பெட்டியில் இருந்த சொற்பம் அந்த வருஷமே போயிற்று. ஒதுக்கீடும் நின்றது. 2009 தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பற்றாக்குறை 4,000 கோடி டாலருக்கு மேல். அந்த ஜூலையில் கஜானாவில் ரொக்கம் இல்லை. ராஜ்யத்துக்குச் சாமான் விற்றவர்களுக்கும், வரியில் பாக்கி திரும்பி வர வேண்டியவர்களுக்கும் பணத்துக்குப் பதிலாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்: 'பிற்பாடு தருகிறோம், வட்டியும் தருகிறோம்' என்று. அப்படிக் கொடுத்த சீட்டுகளின் தொகை 200 கோடி டாலருக்கு மேல் போயிற்று. சர்க்கார் ஊழியர்களுக்கு மாதத்தில் மூன்று நாள் சம்பளமில்லாத கட்டாய லீவு. உலகத்தின் மிகப் பெரிய செல்வ பூமிகளில் ஒன்று, முனையில் உள்ள மளிகைக் கடையில் கடன் சொல்லும் நிலைக்கு வந்தது!

இத்தனைக்கும் நடுவில், 2009 மே மாதம், சேமிப்புப் பெட்டியைப் பலப்படுத்தும் திட்டம் ஒன்று ஜனங்களின் ஓட்டுக்கு வந்தது. தோற்றுப் போயிற்று. சேமிப்பு வேண்டாம் என்றா ஜனங்கள் நினைத்தார்கள்? அந்தத் திட்டத்தோடு, தற்காலிகமாகப் போட்டிருந்த வரிகளை இன்னும் சில காலம் நீட்டிப்பதையும் முடிச்சுப் போட்டிருந்தார்கள். வரியை வெறுத்தவர்கள் அதனால் எதிர்த்தார்கள். செலவுக்கு வரம்பு வந்துவிடும் என்று அஞ்சியவர்கள் இதனால் எதிர்த்தார்கள். மருந்தையும் விளக்கெண்ணெயையும் ஒரே கிண்ணத்தில் கலந்து கொடுத்தால் குழந்தை இரண்டையும் துப்பாமல் என்ன செய்யும்? மறு வருஷம் வேறொரு திட்டம் தயாராயிற்று. 2012-ல் ஓட்டுக்கு வரவேண்டிய அதை, ஆளும் கட்சியினர் 2014-க்குத் தள்ளி வைத்தார்கள்.

இதற்குள், 2011-ல், கவர்னர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? பழைய ஜெர்ரி பிரௌன்தான்! எழுபது வயதைத் தாண்டியவர். 1978-ன் சூடு பட்ட பூனை. இந்த முறை அவர் பணத்தைச் சும்மா குவிக்கவில்லை. பெட்டியின் விதிகளை அரசியல் சட்டத்திலேயே எழுதும்படி ஜனங்களைக் கேட்டார். 2014 நவம்பரில் நூற்றுக்கு ஏறக்குறைய அறுபத்தொன்பது பேர் சம்மதித்தார்கள். இரண்டு பெரிய கட்சிகளும் சட்டசபையில் ஒன்றாக நின்று கொண்டு வந்த திட்டம் அது.

விதிகளைப் பாருங்கள். பொது வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு வருஷந்தோறும் ஒதுக்க வேண்டும். பங்கு மார்க்கெட் லாபத்தின் மேல் வரும் வரி ஓர் அளவுக்கு மேல் போனால், அந்த அதிகப்படியிலும் ஒதுக்க வேண்டும். கலிபோர்னியாவின் வருமானத்தில் பெரும் பகுதி ஒரு சில பணக்காரர்களின் வரியிலிருந்து வருகிறது. மார்க்கெட் ஏறினால் கஜானா வழியும், இறங்கினால் வறளும். அதனால்தான் இந்த ஏற்பாடு. ஒதுக்கியதில் பாதி, முதல் பதினைந்து வருஷங்களுக்குப் பழைய கடனை அடைக்க. மறு பாதி பெட்டிக்கு. பெட்டியைத் திறக்கக் கவர்னர் நெருக்கடி என்று பிரகடனம் செய்ய வேண்டும். சட்டசபையும் சம்மதிக்க வேண்டும். நெருக்கடியின் முதல் வருஷத்தில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது.

நல்ல பூட்டு! ஆனால் அதே 2014-ல் நடந்த இன்னொரு காரியத்தையும் சொல்லாவிட்டால் கதை பூர்த்தியாகாது. அந்த வருஷத்து வரவு செலவு மசோதாக்களோடு மசோதாவாக ஒரு விதி நுழைந்தது. ராஜ்யம் பள்ளிகளுக்கான தனிச் சேமிப்பில் பணம் போடும் வருஷத்துக்கு மறு வருஷம், அந்தந்த ஊர்ப் பள்ளி நிர்வாகங்கள் தங்கள் கையில் ஓர் அளவுக்கு மேல் சேமிப்பு வைத்துக் கொள்ளக் கூடாது! ஆசிரியர் சங்கம் இதை ஆதரித்தது. அவர்கள் பக்கத்து நியாயம்: குழந்தைகளின் படிப்புக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் வந்த பணத்தை நிர்வாகம் பெட்டியில் பூட்டி வைப்பானேன்? பள்ளி நிர்வாகிகளின் நியாயம்: மழை எங்கள் தலையிலும்தானே பெய்யும்? ராஜ்யத்தைப் 'சேமி' என்று சொன்ன அதே சபை, பள்ளியை 'சேமிக்காதே' என்றது. பெட்டியில் கிடக்கும் பணம் பேரம் பேசும் மேஜைக்கு வராத பணம்; அவ்வளவுதான் சூட்சுமம். 2017-ல் இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

2020-ல் கொரோனா வந்தது. பெட்டியில் சுமார் 1,600 கோடி டாலர் இருந்தது. கவர்னர் காவின் நியூசம் காலம். ஏறக்குறைய பாதி, 780 கோடி, எடுத்தார்கள். பதினோரு வருஷங்களுக்கு முன் சீட்டு எழுதிக் கொடுத்த ராஜ்யம் இந்த முறை அப்படிச் செய்யவில்லை. மத்திய சர்க்காரின் உதவியும் சேர்ந்து கொண்டது.

பிறகு மார்க்கெட் ஏறிற்று. 2022 மே மாதம், 9,750 கோடி டாலர் உபரி என்று கவர்னர் அறிவித்தார். பெட்டி நிரம்பி வழிந்திருக்குமே என்கிறீர்களா? அங்கேதான் இன்னொரு விதி குறுக்கிட்டது. வரி வருமானத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்ந்து விட்டால் கட்டாய ஒதுக்கீடு நின்று விடும். மேற்கொண்டு வருவதைக் கட்டடம், சாலை போன்றவற்றுக்குச் செலவழிக்க வேண்டும். அது தேர்தல் வருஷமும்கூட. குடும்பத்துக்கு 200 டாலரிலிருந்து 1,050 டாலர் வரை வரிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறு வருஷமே வருமானம் சரிந்தது. 2024-ல், இரண்டு வருஷங்களில் சுமார் 1,220 கோடி டாலரைப் பெட்டியிலிருந்து எடுப்பது என்று முடிவாயிற்று. பத்துப் பங்கு என்ற உச்சவரம்பை உயர்த்த வேண்டும் என்ற பேச்சும் கிளம்பியது.

கலிபோர்னியாவில் பூட்டு தளர்ந்திருந்ததால் வந்த வினையைப் பார்த்தோம். அப்படியானால் பூட்டை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவுக்கு நல்லது என்று நினைப்பீர்கள். அதுவும் சரியில்லை என்பதற்கு இரண்டு எண்ணெய் ராஜ்யங்கள் சாட்சி.

வடகோடியில் உள்ள அலாஸ்காவில் இரண்டு பெட்டிகள். 1990-ல் ஜனங்கள் சம்மதித்த பெட்டி ஒன்று. அதைத் திறக்கப் பொதுவாக இரு சபைகளிலும் முக்கால் பங்கு ஓட்டு வேண்டும். பிரமாதமான பூட்டு என்று நினைத்தார்கள். நடந்தது என்ன? எண்ணெய் விலை விழுந்து பணம் தேவைப்பட்ட போதெல்லாம், எண்ணிக்கையில் சிறிய எதிர்க்கட்சியின் ஓட்டு இல்லாமல் பெட்டி திறக்காது. "எங்கள் திட்டத்துக்கும் பணம் வை; ஓட்டுத் தருகிறோம்" என்று அவர்கள் பேரம் பேசினார்கள். சிக்கனத்துக்காகப் போட்ட பூட்டே செலவைக் கூட்டும் கருவியாயிற்று! 2014-ல் 1,000 கோடி டாலருக்கு மேல் இருந்த பெட்டி, எண்ணெய் விலை சரிந்த பின் 2020-க்குள் பெரும்பாலும் காலியாயிற்று.

இன்னொரு பெட்டி 1976-ல் ஏற்பட்ட நிரந்தர நிதி. அதற்கு முன், 1969-ல், எண்ணெய் நிலக் குத்தகையில் 90 கோடி டாலர் ஒரே நாளில் வந்து, சில வருஷங்களில் செலவாகிப் போன அனுபவம் அவர்களுக்கு இருந்தது. இந்த நிதியின் முதலைத் தொடக் கூடாது என்று அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். ஜே ஹாமண்ட் என்ற கவர்னர் அதற்கு மேலும் ஒரு யுக்தி செய்தார். லாபத்தில் ஒரு பகுதியை வருஷந்தோறும் ஒவ்வொரு பிரஜைக்கும் நேரே கொடுத்துவிட ஏற்பாடு. 1982-ல் முதல் தடவையாக ஆளுக்கு 1,000 டாலர். பிறகு அந்த நிதிக்குக் காவல்காரன் தேடவேண்டியதே இல்லை, ஜனங்களே காவல்! 1999-ல், அதன் லாபத்தைச் சர்க்கார் செலவுக்கு எடுக்கலாமா என்று கேட்டபோது, நூற்றுக்கு எண்பத்து மூன்று பேர் கூடாது என்றார்கள். 2016-ல் பற்றாக்குறையைச் சமாளிக்கக் கவர்னர் பில் வாக்கர் அந்தப் பங்கைப் பாதியாகக் குறைத்து 1,022 டாலர் ஆக்கினார். 2018-ல் அவர் தேர்தல் களத்திலிருந்தே விலக நேர்ந்தது. ஜெயித்தவர் முழுப் பங்கு தருவேன் என்று வாக்களித்தவர்.

டெக்ஸாஸ் கதை இன்னொரு தினுசு. எண்ணெய், எரிவாயு வரியிலிருந்து நிரம்பும் பெட்டிக்கு 1988-ல் ஜனங்கள் சம்மதித்தார்கள். 2011-ல் மழை கொட்டிற்று. பெட்டியில் 900 கோடி டாலருக்கு மேல் இருந்தது. அப்போதிருந்த பள்ளத்தை அடைக்கச் சுமார் 320 கோடி எடுக்கச் சம்மதித்த கவர்னர் ரிக் பெர்ரி, அடுத்த இரண்டு வருஷச் செலவுக்கு ஒரு காசும் எடுக்கக் கூடாது என்றார். பள்ளிகளுக்குக் கொடுப்பதில் சுமார் 540 கோடி டாலர் வெட்டு விழுந்தது. ஆகஸ்ட் மாதம் அவர் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிடப் போவதாக அறிவித்தார். 'பெட்டியைக் காத்தவர்' என்ற பெயர் அவருடைய கட்சியில் மதிப்புள்ள பெயர். அவர் ஆதரவாளர்கள் அதை முன்யோசனை என்றார்கள். வகுப்பில் ஆசிரியர் குறைந்த குழந்தையின் தாயார் என்ன சொல்லியிருப்பாள்? மழையில் விரிக்காத குடை யாருக்கு என்று கேட்டிருக்க மாட்டாளா?

1990-91 மந்தத்தை ஆராய்ந்த ஸோபெல், ஹோல்கோம்ப் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 1996-ல் ஒரு முடிவு சொன்னார்கள். பெட்டி இருப்பதனால் மட்டும் ஒரு ராஜ்யத்தின் கஷ்டம் குறைந்து விடவில்லை. இவ்வளவு போட்டே தீர வேண்டும் என்ற கட்டாய விதி இருந்த இடங்களில்தான் குறைந்தது. மனிதர்கள் கெட்டவர்கள் என்பதல்ல இதன் அர்த்தம். இன்று செலவழித்தால் புண்ணியம் இன்றைய கவர்னருக்கு. இன்று சேர்த்து வைத்தால் அதன் பலன் நாளை வரப்போகிறவருக்கு. அவர் எதிர்க்கட்சிக்காரராகவும் இருக்கலாம். அடுத்தவர் சமைக்கத் தாம் விறகு பிளக்க எத்தனை பேர் முன்வருவார்கள்? ஆகையால்தான் நல்லெண்ணத்தை நம்பாமல் விதியை நம்ப வேண்டியிருக்கிறது. அந்த விதியையும் அரசியல்தான் எழுத வேண்டும். ஜெர்ரி பிரௌன் இதைக் கற்றுக் கொள்ள முப்பத்தாறு வருஷங்கள் ஆயின.

எனவே, வாசகர்களே, ஏதாவது ஒரு சர்க்காரிடம் இத்தனை கோடி உபரி என்று பத்திரிகையில் படித்தால், உடனே கை தட்டவும் வேண்டாம், உடனே கோபிக்கவும் வேண்டாம். நாலு கேள்வி கேளுங்கள். போடச் சொல்லிக் கட்டாயம் உண்டா? திறக்க எத்தனை பேர் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்துக்கு என்ன விலை? எது வரை சேரலாம்? எது மழை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்களா? இந்த நாலுக்கும் பதில் கிடைத்தால், அந்தப் பணம் கஷ்ட காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகுமா, தேர்தல் காலத்தில் மேடைக்குப் போகுமா என்று நீங்களே சொல்லி விடலாம்.